தோன்றா எழுவாய்

2019 ஆம் ஆண்டு பெப்ரவரி மாத நடுப்பகுதியில், எனது 63 ஆவது வயதில், நான் மீண்டும் பாலர் வகுப்பு மாணவனானேன். இடம், மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவின் அந்திகுவா நகரம். கரிபியன் கடலில் ஏறத்தாழ இதே பெயரில் ஒரு தீவு இருப்பதால், நான் அங்கு போய் வந்ததாகவே நண்பர்கள் சிலர் இன்றும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். கிரிக்கெட் பார்க்கவா போனீர் என்று கேட்டவரும் உண்டு.

அவ்வருடக் குளிர்காலத்தை ரொறன்ரோவில் மகளின் வீட்டில் கழித்துக்கொண்டிருந்தேன். யன்னலோரம் அமர்ந்து பனி விழுவதைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இருக்கவில்லை. "வெயில் உள்ள இடமாகப் பார்த்துப் போய் ஏதாவது படியுங்கோ அப்பா" என்று மகள்தான் முதலில் சொன்னாள். எனக்குள்ளும் ஒரு பழைய ஆசை கிடந்தது. பத்திரிகைக் காரியாலயத்தில் பல வருடங்கள் சர்வதேசச் செய்திகளைக் கையாண்டவன் நான். இலத்தீன் அமெரிக்காவின் இராணுவப் புரட்சிகளையும் கெரில்லாப் போர்களையும் சமாதான உடன்படிக்கைகளையும் செய்தி நிறுவனங்களின் ஆங்கிலத்தில் இருந்து தமிழாக்கிக் கொடுத்திருக்கிறேன். 1998 ஏப்ரலில், குவாத்தமாலாவின் ஆயர் ஹுவான் ஹெரார்தி, போர்க்கால மனித உரிமை மீறல்கள் பற்றிய திருச்சபையின் அறிக்கையை வெளியிட்டு இரண்டு நாட்களில் அடித்துக் கொல்லப்பட்ட செய்தியும் என் மேசைக்கு வந்ததுதான். அதை நான்கு பந்திகளாகச் சுருக்கி உள்பக்கத்தில் போட்டோம். அந்த மக்கள் தங்கள் மொழியில் என்ன சொன்னார்கள் என்பதை ஒருநாளும் நான் அறிந்ததில்லை.

தலைநகரான குவாத்தமாலா நகரத்தில் இருந்து அந்திகுவா ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவில், கடல் மட்டத்தில் இருந்து 1,500 மீற்றருக்கும் மேலே, மூன்று எரிமலைகளின் நடுவே இருக்கிறது. 1543 இல் ஸ்பானியர்களால் நிறுவப்பட்டு, இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக மத்திய அமெரிக்காவின் பெரும்பகுதிக்கு ஆட்சித் தலைநகராக விளங்கியது. 1773 ஜூலை 29 ஆம் திகதிய பூகம்பம் அதை நொறுக்கியது. அரச கட்டளையின்படி 1776 இல் தலைநகர் இப்போதைய இடத்துக்கு மாற்றப்பட்டது. போக மறுத்தவர்களும் போக வழியற்றவர்களும் இடிபாடுகளுக்கிடையே வாழ்ந்தார்கள். 'பழைய குவாத்தமாலா' என்ற பெயர் அப்படி வந்ததுதான். அந்திகுவா என்றால் ஸ்பானிய மொழியில் பழையது என்று பொருள். கூரையிழந்த கன்னியர் மடங்களும் கருங்கல் பதித்த தெருக்களும் மஞ்சளும் செம்மண் நிறமும் பூசிய தாழ்வான வீடுகளும் அப்படியே இருக்கின்றன. யுனெஸ்கோ 1979 இல் இதனை உலக மரபுரிமைச் சொத்தாக அறிவித்தது.

பத்திரிகைக்காரன் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் விடமுடியவில்லை. 1660 இல் இந்த நகரத்துக்கு அச்சுக்கூடம் வந்துவிட்டது. 1729 இல் 'கசெத்தா தெ குவாத்தமாலா' என்ற பத்திரிகை இங்கு வெளிவந்தது. யாழ்ப்பாணத்தில் 'உதயதாரகை' தோன்றியது 1841 இல். மத்திய பூங்காவின் வடக்குப் புறத்தில் உள்ள பழைய நகரசபைக் கட்டிடத்தில், அந்த முதல் அச்சு இயந்திரத்தின் மாதிரியொன்றை வைத்திருந்தார்கள். அதன் முன்னால் நெடுநேரம் நின்றேன்.

ஸ்பானிய மொழி கற்பதற்கு உலகத்தின் பல பாகங்களில் இருந்தும் ஆட்கள் அந்திகுவாவுக்கு வருகிறார்கள். இந்தத் தொழில் அங்கு வேரூன்றியது 1960 களின் இறுதியில். ஒரு மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பதே அங்குள்ள முறை. எனது பாடசாலை ஒரு பழைய வீட்டின் முற்றம். மரங்களுக்குக் கீழே சிறிய மேசைகள், ஒவ்வொரு மேசைக்கும் இரண்டு கதிரைகள், அவ்வளவுதான். காலை 8 மணி முதல் 12 மணி வரை நாங்கள் இருவரும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும். ஒளிந்துகொள்வதற்குப் பின்வாங்கு கிடையாது. தங்குமிடம் ஒரு குடும்பத்தின் வீட்டில். அந்த வீட்டு அம்மாவுக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. தெரிந்திருந்தால் நான் மூன்று வாரமும் ஆங்கிலத்திலேயே காலத்தைக் கடத்தியிருப்பேன்.

முதல் நாள் இரவுச் சாப்பாட்டின்போதே ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. அந்த அம்மா கையைக் காட்டிக் காட்டிச் சொல்லித் தந்தார். மேசா என்றார், அது மேசை. கொசினா என்றார், அது குசினி. பான் என்றது பாண். வாசலில் கழற்றி வைத்த சப்பாத்தைக் காட்டி சப்பாத்தோ என்றார். அர்மாரியோ எங்கள் அலுமாரி, பாங்கோ எங்கள் வாங்கு. 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட போர்த்துக்கேயர் எங்கள் வீடுகளில் விட்டுச் சென்ற சொற்கள், அவர்களுடைய அயல் மொழியின் ஊடாக, உலகத்தின் மறுகோடியில் என்னை வரவேற்றன. கோட்டையையும் தோம்பையும் மட்டும் அவர்கள் விட்டுச் சென்றதாக நினைத்திருந்தேன். கதிரை மாத்திரம் என்னைக் கைவிட்டது. அது போர்த்துக்கேயருக்கே உரியது. ஸ்பானியத்தில் அதற்கு வேறு சொல்.

இலக்கணத்திலும் தமிழ் எனக்குக் கைகொடுத்தது. பக்கத்து மேசையில் இருந்த கனடா நாட்டு இளைஞர் 'மே குஸ்தா' என்ற அமைப்புடன் இரண்டு நாட்கள் மல்லுக்கட்டினார். 'நான் கோப்பியை விரும்புகிறேன்' என்றே அவரது மனம் வாக்கியத்தை அமைத்தது. 'எனக்குக் கோப்பி பிடிக்கும்' என்று சொல்லி வளர்ந்த எனக்கு அதில் கற்பதற்கு ஒன்றுமே இருக்கவில்லை. 'பெரோ' என்றால் 'ஆனால்'. றகரத்தை நன்றாக உருட்டி 'பெறோ' என்றால் நாய். ரகர றகர வேறுபாட்டுக்காகப் பிரம்படி வாங்கியதன் பயனை அங்கு அனுபவித்தேன். ஞகரத்துக்கென்றே அவர்களிடம் தனி எழுத்து உண்டு. முன்னிலையில் வோஸ், து, உஸ்தெத் என்று மூன்று படிகள். நீ, நீர், நீங்கள் என்று மூன்றையும் இடமறிந்து பயன்படுத்தும் ஊரில் இருந்து வந்தவனுக்கு இது புதிதல்ல. எனது ஆசிரியை கடைசி நாள் வரை என்னை உஸ்தெத் என்றே அழைத்தார்.

ஆனால் இவையெல்லாம் முதல் மூன்று நாட்களின் மகிழ்ச்சி. நான்காம் நாளில் இருந்து நான் ஊமையானேன்.

நாற்பது வருடங்கள் சொற்களை விற்றுச் சீவித்தவன் நான். தலையங்கம் எழுத இருபது நிமிடம் போதும் என்று பெருமை பேசியவன். அந்த மர நிழலில், நேற்று என்ன செய்தீர்கள் என்ற கேள்விக்கு நான்கு வயதுப் பிள்ளையின் வாக்கியங்களைக் கூடக் கோக்க முடியாமல் வியர்த்து வழிந்தேன். வினைச்சொற்களின் விகுதிகள் வாய்க்கு வரும்போது, சொல்ல வந்த விடயம் மறந்துபோய்விடும். தெரிந்த சொற்களுக்குள் அடங்குவதை மட்டுமே பேசினேன். வீடு பெரியது, சாப்பாடு நல்லது, மழை இல்லை. எனக்கு எத்தனையோ கருத்துக்கள் இருந்தன. ஸ்பானிய மொழியில் எனக்குக் கருத்தே இருக்கவில்லை.

ஆசிரியைக்கு நாற்பது வயதிருக்கும். மெதுவாகப் பேசுபவர், அதைவிட மெதுவாகச் சிரிப்பவர். ஒருநாள் மனம் சோர்ந்து, உங்களுக்கு இது தாய்மொழி, என் கஷ்டம் விளங்காது என்று உடைந்த மொழியில் சொல்லிவிட்டேன். அவர் தலையசைத்து மறுத்தார். அவரது தாய்மொழி கக்சிக்கெல். குவாத்தமாலாவில் பேசப்படும் 22 மாயா மொழிகளில் ஒன்று. பாடசாலைக்குப் போகும்வரை அவருக்கு ஸ்பானிய மொழி தெரியாது. கக்சிக்கெல் பேசினால் வகுப்பில் தண்டனை கிடைத்த காலம் அது. மாயா மொழிகளைத் தேசிய மொழிகளாக ஏற்றுக்கொண்ட சட்டம் 2003 இல்தான் வந்தது. இன்றைக்கும் அரச கரும மொழி ஸ்பானியம் ஒன்றே. "உங்களைப் போலவே நானும் இதனை ஒவ்வொரு சொல்லாகத்தான் படித்தேன். உங்களுக்கு விருப்பம் இருந்தது, எனக்கு வேறு வழி இருக்கவில்லை" என்றார். நான் 1956 இல் பிறந்தவன். எங்கள் நாட்டில் தனிச்சிங்களச் சட்டம் வந்த வருடம் அது. அவருக்கு நான் அதை விளக்கத் தேவையான சொற்கள் என்னிடம் இருக்கவில்லை. 'எங்கள் நாட்டிலும்' என்று மட்டும் சொன்னேன். அவர் விளங்கிக்கொண்டார்.

இன்னொரு நாள், பேனாவை மேசையில் வைத்துவிட்டு, எங்கள் மொழியில் இதன் பெயர் பேனா என்றேன். அதுவும் போர்த்துக்கேயர் தந்த சொல்தான். ஆசிரியை வியப்புடன் பார்த்தார். ஸ்பானிய மொழியில் 'பேனா' என்றால் துயரம். அந்தப் பகுதிகளில் வெட்கத்துக்கும் அதே சொல்லைச் சொல்வார்கள். அன்று இருவரும் சிரித்தோம்.

இரண்டாவது வார இறுதியில் இறந்தகாலம் வந்தது. ஸ்பானியத்தில் இறந்தகாலம் ஒன்றல்ல. நடந்து முடிந்தவற்றுக்கு ஒன்று, நீண்டு தொடர்ந்தவற்றுக்கு இன்னொன்று. உதாரணங்களுக்கு ஆசிரியை தூரம் போகவில்லை. நாங்கள் இருந்த இடத்தில் இருந்து பார்த்தால் ஃபுவேகோ எரிமலை அடிக்கடி சாம்பல் கக்குவது தெரியும். 2018 ஜூன் 3 ஆம் திகதி அது வெடித்தபோது, கொதிக்கும் சாம்பலும் கற்களும் மலைச்சரிவில் பாய்ந்து சான் மிகேல் லொஸ் லொத்தெஸ் என்ற குடியிருப்பை மூடின. நூற்றுக்கணக்கானோரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. "தெசாப்பரெசியேரோன்" என்று எழுதினார். 'காணாமல் போனார்கள்'.

அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதினார். அதே வினைச்சொல். முன்னால் 'லோ' என்று ஒரு சிறு சொல் மட்டும் கூடுதலாக இருந்தது. "லோ தெசாப்பரெசியேரோன்."

'லோ' என்றால் 'அவரை'. எங்கள் இரண்டாம் வேற்றுமை. நான் எனது கொப்பியில் 'அவரைக் காணாமல் போனார்கள்' என்று எழுதிவிட்டு விழித்தேன். வாக்கியம் பிழை. அச்சுப்பிழையா என்று கேட்பது போல் அவரைப் பார்த்தேன்.

"எனது தாய்மாமன்" என்றார் அவர். "1982."

அவருடைய தாயின் ஊர் சிமால்தெனாங்கோ மாகாணத்தில் உள்ளது. அந்த வருடங்களில் மலைநாட்டுக் கிராமங்களில் என்ன நடந்தது என்பது இன்று ஆவணப்படுத்தப்பட்ட விடயம். 1960 இல் தொடங்கி 1996 டிசம்பர் 29 ஆம் திகதி சமாதான உடன்படிக்கையுடன் முடிந்த அந்தப் போரில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் கொல்லப்பட்டோ காணாமல் ஆக்கப்பட்டோ இருக்கிறார்கள் என்று ஐ.நா. ஆதரவுடன் இயங்கிய உண்மை அறியும் ஆணைக்குழு 1999 இல் கணித்தது. அடையாளம் காணப்பட்ட பாதிக்கப்பட்டோரில் 83 சதவீதத்தினர் மாயா மக்கள். மிகப் பெரும்பாலான மீறல்களுக்கு அரச படைகளையே ஆணைக்குழு பொறுப்பாக்கியது. அதே மாகாணத்தில், கொமலாப்பா ஊருக்கு அருகே, முன்னர் இராணுவ முகாமாக இருந்த நிலத்தைத் தோண்டி 220 பேரின் எச்சங்களை எடுத்தார்கள். அவர்களில் அடையாளம் தெரியாதவர்களை 2018 ஜூனில் அதே நிலத்தில் நினைவிடம் அமைத்து அடக்கம் செய்தார்கள். மாமனார் அவர்களுள் இருக்கிறாரா என்பது ஆசிரியைக்குத் தெரியாது. மரபணுச் சோதனைக்குத் தாயார் இரத்தம் கொடுத்திருக்கிறார்.

பின்னர் ஆசிரியை மறுபடியும் ஆசிரியையானார். தெசாப்பரெசெர் என்பது பழைய இலக்கணப்படி செயப்படுபொருளை ஏற்காத வினை. மனிதர் தாமாக மறையலாம், இன்னொருவரை 'மறைய' முடியாது. ஆனால் இந்த நாடுகளில் மக்கள் அந்த இலக்கணத்தை மீறிவிட்டார்கள், அவர்களுக்கு அந்த வாக்கியம் தேவைப்பட்டது என்றார். எரிமலை மூடிய ஊரின் மக்கள் காணாமல் போனார்கள். மாமாவை அவர்கள் காணாமல் ஆக்கினார்கள். எழுதும்போது இரண்டையும் குழப்பவேண்டாம் என்றார். 'அவர்கள்' யார் என்று நான் கேட்டேன். வினையின் விகுதியைக் காட்டி, "பெயர் இல்லை. ஆனால் இதற்குள் இருக்கிறார்கள்" என்றார்.

நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான் அது. தோன்றா எழுவாய். வந்தார்கள் என்றால் வந்தவர் எவரென்று சொல்லாவிட்டாலும், 'ஆர்கள்' என்ற விகுதிக்குள் ஆட்கள் நிற்கிறார்கள்.

அன்றைய வீட்டுவேலை, எனது தொழில் வாழ்க்கையில் மறக்க முடியாத ஒரு நாளைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவது. எழுதுவதற்கு எத்தனையோ நாட்கள் இருந்தன. ஒரு நாளை மட்டும் நான் யாருக்கும் சொன்னதில்லை.

1997 ஆம் ஆண்டின் தொடக்கம். யாழ்ப்பாணத்தில் இருந்து கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து, ஓர் அம்மா கொழும்பில் எங்கள் காரியாலயத்துக்கு வந்திருந்தார். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் மகனின் புகைப்படம், பாடசாலைச் சான்றிதழ், முறைப்பாட்டின் பிரதிகள். அதற்கு முந்திய வருடத்தில் குடாநாட்டில் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் இப்படி இல்லாமல் போயிருந்தார்கள். நான் விபரங்களைக் குறித்துக்கொண்டு, அவருக்குத் தைரியம் சொல்லும் எண்ணத்தில், எழுதியதை வாசித்துக் காட்டினேன். 'காணாமல் போயுள்ளார்' என்ற இடத்தில் அவர் என்னை நிறுத்தினார்.

"என்ரை பிள்ளை காணாமல் போகேல்லைத் தம்பி. கொண்டு போனவங்கள். நான் படலையிலை நிண்டு பாத்துக்கொண்டு நிண்டனான். அப்பிடி எழுதுங்கோ."

சரியம்மா என்றேன். அவர் போன பின்பு அந்த வரியை நான் மாற்றவில்லை. தணிக்கையும் அவசரகாலச் சட்டமும் மேசைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்த காலம் என்று எனக்கு நானே காரணம் சொன்னேன். அது பொய்யல்ல. ஆனால் முழு உண்மையும் அல்ல. 'காணாமல் போனார்' என்பது கைக்குப் பழகிய சொற்றொடர். அதை எழுத யோசிக்கவும் வேண்டியதில்லை, யாருக்கும் பயப்படவும் வேண்டியதில்லை. அடுத்த நாள் செய்தி அப்படியே வெளிவந்தது. அந்த அம்மா பத்திரிகையைப் பார்த்திருப்பார். திரும்பவும் அவர் வரவில்லை.

பிற்காலத்தில் எங்கள் மொழியும் மாறிவிட்டது. 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்றே இன்று எல்லோரும் எழுதுகிறோம். 2017 முதல் தெருவோரக் கொட்டகைகளில் இருந்து போராடிவரும் தாய்மாரின் பதாகைகளிலும் அதுதான் இருக்கிறது. நல்ல மாற்றம். ஆயினும் அது செயப்பாட்டுவினை. ஆக்கியவர்கள் அதில் தேவைப்பட்டால் வரலாம், வராமலும் விடலாம். படலையில் நின்ற அம்மா சொன்னது செய்வினை. கொண்டு போனவங்கள். அதில் ஆக்களை எடுத்துவிட முடியாது.

இந்தக் கதையை எனது நான்கு வயது ஸ்பானியத்தில், அகராதியின் துணையுடன், இரவு பதினொரு மணி வரை இருந்து எழுதினேன். ஒரு தாய் வந்தார். தூரத்தில் இருந்து வந்தார். அவரிடம் ஒரு படம் இருந்தது. அலங்காரத்துக்கு எனக்கு வழியே இருக்கவில்லை. மகனைப் பற்றிய வரிக்கு வந்தபோது, அன்று காலை படித்த பாடத்தையும் மீறி, கை தானாகவே 'தெசாப்பரெசியோ' என்று எழுதியது. காணாமல் போனார்.

மறுநாள் ஆசிரியை பென்சிலுடன் வாசித்தார். பால் பிழைகளையும் விகுதிப் பிழைகளையும் சத்தமின்றித் திருத்திக்கொண்டு போனார். அந்தச் சொல்லில் பென்சில் நின்றது. அதன் கீழே கோடிட்டார். நிமிர்ந்து பார்க்காமலே, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக் கொப்பியை என் பக்கம் திருப்பி வைத்தார். அவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நான் அழித்துவிட்டு எழுதினேன். லோ தெசாப்பரெசியேரோன். இருபத்திரண்டு வருடங்கள் பிந்தி, எனக்குத் தெரியாத ஒரு மொழியில், அந்த அம்மா கேட்டபடி எழுதினேன்.

மூன்றாவது வாரம் முடிந்து நான் புறப்பட்டேன். வீட்டு அம்மா வழிக்கென்று பாண் கட்டித் தந்தார். ஆசிரியை கைகுலுக்கி, உங்கள் இறந்தகாலம் இப்போது பரவாயில்லை என்றார். இலக்கணத்தைத்தான் சொன்னார்.

அங்கு கற்ற ஸ்பானிய மொழியில் பாதியை மறந்துவிட்டேன். பேசுவதற்கு ஆள் இல்லாவிட்டால் மொழி நிற்காது. ஆனால் அந்தக் கொப்பி இன்னும் எனது அலுமாரியில் இருக்கிறது. பத்திரிகைகளில் செய்தி தவறினால், மறுநாள் உள்பக்கத்தில் சிறிய பெட்டிக்குள் திருத்தம் போடுவது வழக்கம். நான் பணியாற்றிய பத்திரிகையில் இனி அதைப் போட எனக்கு இடமில்லை. ஆகவே இங்கு போடுகிறேன்.

1997 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நான் எழுதிய செய்தியொன்றில், 'இளைஞர் காணாமல் போயுள்ளார்' என்று வெளிவந்தது தவறு. 'இளைஞரைக் கொண்டு போனார்கள்; தாயார் படலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்' என்று திருத்தி வாசிக்கவும்.